உளநோயும் ஊராரும்



நமது நாட்டிலே 1920ஆம் ஆண்டுகளில் தோன்றிய இரு பொதுப் பணிகளை இப்பேச்சுக்குத் தோற்றுவாயாகக் கொள்ள விரும்புகிறேன். ஒன்று, 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் அமைக்கப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவு. மற்றொன்று, அதே பத்தாண்டிலே கொழும்பு நகருக்குப் புறத்தே அங்கொடையில் எழுந்த உளநோய் வைத்தியசாலை. முன்னதன் வழி, சுகாதார உத்தியோகத்தர் வீடு தேடிச் செல்வது. பின்னதன் வழி, நோயாளியை வீட்டிலிருந்து வெகுதூரம் அனுப்பி வைப்பது. ஒரே காலத்தில் ஒரே நாட்டில் நாட்டப்பட்ட இவ்விரு கன்றுகளும் வெவ்வேறு கனிகளைத் தந்தன.

களுத்துறையில் தொடங்கிய முறை காலப்போக்கில் நாடெங்கும் பரவிற்று. எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு இன்னும் தடுப்பூசி போடவில்லை என்பன அப்பகுதி மருத்துவிச்சிக்குத் தெரியும். குறித்த நாளிலே சிகிச்சை நிலையத்துக்கு ஒரு தாய் வராவிட்டால், அவள் ஏன் வரவில்லை என்று அறிய மருத்துவிச்சியே படலையடியில் வந்து நிற்பாள். பிரசவத்தில் தாய்மார் இறப்பது இந்நாட்டில் பெரிதும் குறைந்தமைக்கு, வைத்தியர்களின் திறமையோடு இத்தேடிச் செல்லும் வழக்கமும் ஒரு காரணம் என்பதை எவரும் மறுப்பதில்லை.

உளநோயாளியின் கதையோ வேறு. 1873ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம் அவரை எவ்வாறு காவலில் வைப்பது என்பதையே முதன்மையாகக் கருதிற்று. அங்கொடைக்கு அனுப்பப்பட்டவர்களின் தொகை அங்குள்ள கட்டில்களின் தொகையை விஞ்சியது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ சென்ற ஒருவரைப் பார்த்து வர உறவினர் ஒரு பகலும் ஓர் இரவும் பயணஞ்செய்ய வேண்டியிருந்தது. சிலர் குணமடைந்த பின்னரும் அழைத்துச் செல்ல ஆளின்றி அங்கேயே முதுமையடைந்தனர். குணமடைந்து வீடு வந்தவர்களிலும் பலர் மருந்தை நிறுத்திவிட்டு மறுபடியும் நோயுற்றனர். மருந்தை நிறுத்திய அந்நாளில் அவர்களைத் தேடி எவரும் படலைக்கு வரவில்லை.

இன்று நான் கூற விரும்புவது இவ்வொன்றைத்தான். உளநோயாளரை ஊரிலே வைத்துப் பராமரிப்பதற்கு உலகில் பல முறைகள் கையாளப்பட்டுள்ளன. அவற்றுள் எது நன்று, எது தீது என்பதை அளக்க ஒரு கேள்வியே போதும். நோயாளி வராத நாளில் அவரைத் தேடிச் செல்பவர் யார்?

முறைகளை ஆராயுமுன் நோயைப் பற்றிச் சில சொற்கள். உளநோய் என்பது ஒரே நோயன்று. உண்மைக்கும் மயக்கத்துக்கும் உள்ள எல்லை அழிந்து, இல்லாத குரல்கள் காதில் ஒலிக்க, அயலாரெல்லாம் பகைவராகத் தோன்றும் கடும் நோய்கள் உள்ளன. இவை சிலருக்கே வருகின்றன. வந்தால் பல ஆண்டுகள் நீடிக்கலாம். மனச்சோர்வு, பதகளிப்பு முதலியன மிகப் பலருக்கு வருகின்றன. இவர்கள் சமைப்பார்கள், வேலைக்குப் போவார்கள், கோயிலுக்கும் வருவார்கள். உள்ளே மட்டும் ஒளி அணைந்திருக்கும்.

கடும் நோய்களுக்கு 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே குளோர்புரோமசீன் என்னும் மருந்து கிடைத்தது. மாதத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளக்கூடிய ஊசிமருந்துகள் பின்னர் வந்தன. மதிலுக்குள்ளே அடைபட்டிருந்தவர் வீட்டிலேயே இருந்து சிகிச்சை பெறும் வழியை இவை எளிதாக்கின. ஆயினும் மாதம் ஒரு தடவை போடும் ஊசி, மாதந்தோறும் போடப்பட்டாலன்றிப் பயன் தராது. மருந்தைக் கண்டுபிடித்தது விஞ்ஞானத்தின் வேலை. அம்மாதங்களை எண்ணிக்கொண்டிருப்பது அயலில் வாழும் ஒருவரின் வேலை.

மருந்து தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இவ்வேலையை ஏற்ற ஓர் ஊர் உண்டு. பெல்ஜிய நாட்டிலே கேல் என்னும் சிற்றூரில், உளநோயாளரின் காவலராகப் போற்றப்படும் திம்ப்னா என்னும் புனிதையின் தேவாலயம் இருக்கிறது. நோயுற்றோரை உறவினர் அங்கு யாத்திரையாக அழைத்து வந்தனர். தேவாலயத்தில் இடம் போதாதபோது ஊரவர் தத்தம் வீடுகளில் அவர்களுக்கு இடங்கொடுத்தனர். வந்தவர்களுட் பலர் அவ்வீடுகளிலேயே தங்கி, வயலிலும் அடுக்களையிலும் கைகொடுத்து, அக்குடும்பத்தாருள் ஒருவராயினர். 1850ஆம் ஆண்டளவில் அரசாங்கம் இவ்வழக்கத்தை ஏற்று, வைத்தியர்களை நியமித்து, குடும்பங்களுக்குப் படியும் வழங்கத் தலைப்பட்டது. 1930ஆம் ஆண்டுகளின் இறுதியில் 3,700க்கு மேற்பட்ட நோயாளர் அவ்வூர்க் குடும்பங்களில் வாழ்ந்தனர். அங்கே தேடிச் செல்பவர் யார் என்னும் கேள்விக்கு இடமேயில்லை. இராச்சாப்பாட்டுக்கு ஒரு கோப்பை மிஞ்சியிருந்தால் வீட்டுத் தலைவிக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் கமத்தொழில் குன்றி, பெண்களும் வெளியே வேலைக்குச் செல்லும் காலம் வந்தபின் இத்தகைய வீடுகள் அருகின. இன்று அங்குள்ள விருந்தாளிகளின் தொகை முன்னையதில் ஒரு சிறு பங்கே. பகலெல்லாம் ஆளிருக்கும் வீட்டை நம்பிய முறை, அவ்வீடு மாறியபோது தானும் சுருங்கிற்று.

கேலிலே அந்நியர் செய்ததை உறவினரைக் கொண்டே செய்வித்தவர் ஆபிரிக்காவைச் சேர்ந்த ஓர் உளமருத்துவர். நைஜீரியாவின் அபியோகுட்டா நகரில் பிறந்து, பிரித்தானியாவில் பயின்று திரும்பிய தோமஸ் லம்போ என்பவர், 1954ஆம் ஆண்டிலே அந்நகருக்கு அண்மையிலுள்ள ஆரோ என்னுமிடத்தில் பணி தொடங்கினார். வைத்தியசாலைக் கட்டடங்கள் அப்பொழுது முற்றுப்பெறவில்லை. அவை முடியும்வரை காத்திராமல், சுற்றியுள்ள கிராமத்தவரோடு பேசி, நோயாளர் அவர்களுடைய வீடுகளில் வாடகைக்குத் தங்க ஒழுங்குசெய்தார். ஒவ்வொரு நோயாளியோடும் ஓர் உறவினராவது வந்து தங்கவேண்டும் என்பது விதி. பகலிலே வைத்தியசாலையில் சிகிச்சை. மாலையிலே கிராமத்தில் சமையலும் சந்தையும் ஆட்டபாட்டமும். அவ்வூர் வைத்தியர்களையும் அவர் ஒதுக்கவில்லை. நோயாளரின் அச்சங்களையும் நம்பிக்கைகளையும் விளங்கிக்கொள்ள அவர்களின் துணையை நாடினார்.

இதே காலத்தில் இந்தியாவிலும் இக்கருத்து முளைத்தது. அமிர்தசரஸ் வைத்தியசாலையில் வித்யாசாகர் என்னும் உளமருத்துவர், நோயாளரின் குடும்பத்தவரையும் வளவிலே கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். தமிழ்நாட்டின் வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உளநல நிலையம் 1957ஆம் ஆண்டு தொடங்கியபொழுது, உறவினர் உடன் தங்கும் முறையையே கைக்கொண்டது. சில கிழமைகள் உடனிருக்கும் தாய், மகனுக்கு எப்பொழுது மருந்து கொடுப்பது, நோய் திரும்புவதற்கு முன் என்ன அறிகுறி தோன்றும் என்பவற்றைக் கண்ணாற் கண்டு கற்றுக்கொள்கிறாள். வீடு திரும்பும்போது நோயாளியோடு ஒரு தாதியும் கூடவே செல்வது போலாகிறது. எனினும் அத்தாய்க்கு வயதாகும். எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார் என்று அவள் கேட்கும் கேள்விக்கு இம்முறையில் விடையில்லை.

மூன்றாவது முறை, பெருவைத்தியசாலையையே மூடிவிடுவது. இதனை இருவிதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். இத்தாலியின் திரியெஸ்தே நகரிலே, ஏறத்தாழ 1,200 பேர் அடைபட்டிருந்த சான் ஜியோவானி வைத்தியசாலையை 1971ஆம் ஆண்டிலே பிராங்கோ பசாலியா பொறுப்பேற்றார். கதவுகளைத் திறந்தார், வேலை செய்த நோயாளருக்குக் கூலி கிடைக்கும்படி கூட்டுறவுச் சங்கம் அமைக்கச் செய்தார். 1973ஆம் ஆண்டில் நோயாளரும் கலைஞரும் சேர்ந்து மரத்தாலும் கடதாசியாலும் ஒரு பெரிய நீலக் குதிரையைச் செய்தனர். அது வாயிலில் அடங்காதபடியால் வாயிலை உடைத்தே அதனை வீதிக்கு இழுத்துச் சென்றனர். 1978ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியப் பாராளுமன்றம் 180ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, உளநோயாளருக்கெனப் புதிய பெருவைத்தியசாலைகள் எழுவதைத் தடுத்தது. திரியெஸ்தேயில், வைத்தியசாலையை மூடுவதோடு நில்லாமல், நகரின் ஒவ்வொரு பகுதியிலும் இரவும் பகலும் திறந்திருக்கும் உளநல நிலையங்களை அமைத்தனர். ஒவ்வொன்றிலும் சில கட்டில்கள் மாத்திரமே. தாதிமாரின் பெரும்பொழுது வீடுகளுக்குச் செல்வதிலும், வேலையும் உறைவிடமும் தேடிக் கொடுப்பதிலும் கழிந்தது. மதிலுக்குள்ளே நின்ற ஊழியரே மதிலுக்கு வெளியே தேடிச் செல்வோராயினர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ முதற்பாதி மட்டும் நடந்தேறியது. 1955ஆம் ஆண்டில் அங்குள்ள அரசாங்க உளநோய் வைத்தியசாலைகளில் 5 இலட்சத்து 50 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தனர். 1963ஆம் ஆண்டு அக்டோபரில் ஜனாதிபதி கென்னடி, ஊர்தோறும் உளநல நிலையங்கள் அமைப்பதற்கான சட்டத்தில் ஒப்பமிட்டார். வைத்தியசாலைகளிலிருந்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினர். அவர்களை ஏற்கவேண்டிய நிலையங்களோ எண்ணிய தொகைக்கு எழவில்லை. எழுந்தவற்றுக்கும் போதிய பணம் தொடர்ந்து கிடைக்கவில்லை. மிகக் கடுமையாக நோயுற்றிருந்தோருட் பலர் வீதியோரங்களிலும் சிறைகளிலும் போய்ச் சேர்ந்தனர். கதவைத் திறப்பது ஒருநாள் வேலை. திறந்த கதவின் மறுபுறத்தில் நிற்க ஆள் வைப்பது ஆண்டுதோறும் செலவு பிடிக்கும் வேலை. சிக்கனத்துக்காகக் கதவைத் திறப்பவர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்.

நான்காவது முறை, ஊரிலுள்ள சாதாரண வைத்தியரையே உளநோய்க்கும் வைத்தியராக்குவது. கருநாடக மாநிலத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1985 முதல் 1990 வரை, பெங்களூரிலுள்ள தேசிய உளநல, நரம்பியல் நிறுவனம் இதனைச் செய்து காட்டியது. ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியர்களுக்கும் ஊழியர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி அளித்து, இன்றியமையாத சில மருந்துகளை அங்கேயே கிடைக்கச் செய்தார்கள். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து பெறும் வரிசையிலேயே உளநோய்க்கும் மருந்து பெறலாம் என்றாயிற்று. அவ்வரிசையில் நிற்பவரைப் பார்த்து இவருக்கு என்ன நோய் என்று அயலார் ஊகிக்க முடியாது. நாணமும் குறைந்தது, பயணமும் குறைந்தது. இதனையே மாதிரியாகக் கொண்டு 1996ஆம் ஆண்டிலே இந்திய அரசாங்கம் மாவட்ட உளநலத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆனால் பல மாவட்டங்களில் அது கிழமைக்கு ஒருநாள் மருந்து வழங்குவதோடு நின்றுவிட்டது. வந்தவருக்கு மருந்து கிடைத்தது. வராதவரின் பெயர் புத்தகத்தில் மாத்திரம் இருந்தது.

ஐந்தாவது முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அது நம்மவருக்கு மிக அண்மையானது. சிம்பாப்வே நாட்டுத் தலைநகர் ஹராரேயில் டிக்சன் சிபாந்தா என்னும் உளமருத்துவர் பணியாற்றினார். அந்நாட்டில் உளமருத்துவரை விரல்விட்டு எண்ணலாம். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் 2005ஆம் ஆண்டிலே தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். வைத்தியசாலைக்கு அழைத்து வராததற்குக் காரணத்தைத் தாயிடம் கேட்டபோது, பஸ் கட்டணத்துக்குப் பணமிருக்கவில்லை என்று அவள் கூறினாள். இதனை அவரே பலவிடங்களில் எடுத்துரைத்திருக்கிறார். நோயாளி வரமுடியாதென்றால் பராமரிப்பு அங்கே போகவேண்டும் என்று தெளிந்து, 2006ஆம் ஆண்டிலே ம்பாரே என்னும் நெருக்கமான பகுதியில் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி அளித்தார். சிகிச்சை நிலையத்துள் இடமில்லை. ஆகவே வெளியே மர நிழலில் ஒரு வாங்கு போடப்பட்டது. உளநல வாங்கு என்று பெயரிட்டபோது அதில் வந்தமர எவரும் துணியவில்லை. பாட்டிமார் சொற்படி நட்பு வாங்கு என்று அழைத்த பின்னரே மக்கள் வந்தனர்.

அப்பாட்டிமார் மனச்சோர்வு என்னும் வைத்தியச் சொல்லை வழங்குவதில்லை. ஷோனா மொழியிலே குபுங்கிசிசா என்பார்கள். அளவுக்கு மிஞ்சி யோசித்தல் என்பது அதன் பொருள். நம்மூரிலும், அவனுக்கு யோசனை கூடிப்போயிற்று என்றுதானே சொல்கிறோம்? வாங்கில் வந்தமர்ந்தவரைப் பாட்டி முதலில் பேசவிடுகிறாள். பின்னர், சொன்ன இடர்களுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுக்கச் செய்து, அதனைத் தீர்க்க அவரே ஒரு வழி காண உதவுகிறாள். அவ்வழியில் என்ன நடந்தது என்று அடுத்த முறை கேட்கிறாள். தன் ஆற்றலுக்கு மிஞ்சிய நோயென்று கண்டால் தாதியிடமோ வைத்தியரிடமோ சேர்ப்பிக்கிறாள். 24 சிகிச்சை நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் பயன் 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆறு மாதத்தின் பின், வாங்கிலே அமர்ந்தவர்களுள் மனச்சோர்வு உள்ளோர் ஏறத்தாழ நூற்றுக்குப் 14 பேர். வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 50 பேர். பாட்டி அதே தெருவிலே வாழ்பவள். வராதவரைச் சந்தையிலே காண்பாள். காணாவிட்டால் வீட்டு வாசலிலே நிற்பாள்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. கேட்கும் செவியொன்றினால் மட்டும் கடும் நோய் தணிந்துவிடாது. அதற்கு மருந்தும் வைத்தியரும் வேண்டும். பின்னாலே நிற்கும் வைத்தியர் இல்லாத வாங்கு, மேலாளர் இல்லாத மருத்துவிச்சி போன்றது.

கோயில்களையும் தர்காக்களையும் பற்றிக் கூறாதுவிடின் இப்பேச்சு நிறைவுறாது. நம்மவருட் பலர் முதலில் நாடுவது அவ்விடங்களையே. அதனை எள்ளி நகையாடுவதால் யாதொரு பயனுமில்லை. அங்கே ஆறுதலும் உண்டு, கூட்டுறவும் உண்டு. ஆனால் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் திகதி தமிழ்நாட்டின் ஏர்வாடியில் நிகழ்ந்ததையும் மறத்தலாகாது. தர்காவின் அயலிலே தனியார் நடத்திய கொட்டிலொன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடமுடியாமல் மாண்டனர். நம்பிக்கை அவர்களைக் கொல்லவில்லை, சங்கிலியே கொன்றது. பிற்காலத்தில் அதே தர்காவில், பிரார்த்தனைக்கு வருவோர் அங்கேயே வைத்தியரையும் காண ஒழுங்கு செய்யப்பட்டது. மருந்தும் வேண்டுதலும் ஒரே முற்றத்தில் இருக்கலாம் என்பதற்கு அது சான்று.

இனி நமது நாட்டுக்கு மீள்வோம். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலியோர், உளமருத்துவர் ஒருவரோ இருவரோ முழுக் குடாநாட்டையும் தாங்க முடியாதென்பதை உணர்ந்து, ஆசிரியர்களையும் ஊர்த் தொண்டர்களையும் பயிற்றும் வழியை மேற்கொண்டனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தபின், உளநலம் அரசாங்கத்தின் கவனத்தை முன்னையிலும் பெரிதாக ஈர்த்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை, பராமரிப்பை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குப் பரவலாக்க வேண்டுமென வகுத்தது. உளநலத்தில் தனிப்பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகள் மாவட்டங்களில் நியமிக்கப்பட்டனர். மாவட்ட வைத்தியசாலைகள் பலவற்றில் உளநலப் பிரிவுகள் தோன்றின. கிராமப்புறங்களில் மாதாந்த வெளிக்கள சிகிச்சை நிலையங்கள் நடைபெறலாயின. அங்கொடை வைத்தியசாலையும் தேசிய உளநல நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

பாதை திறந்துவிட்டது, பாதையிலே நடப்பவர் போதாது. ஊசிக்குரிய நாளிலே ஒருவர் வராவிட்டால், அவர் வீட்டை அறிந்த உத்தியோகத்தர் ஒருவர் எல்லாப் பகுதியிலும் இருக்கிறாரா? அவருக்கு ஒரு சைக்கிளும், ஒரு நாள் ஓய்வும், ஐயம் தோன்றினால் கேட்க ஒரு வைத்தியரும் இருக்கிறார்களா? கர்ப்பிணிப் பெண் விடயத்தில் இவற்றை நாம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே செய்யத் தொடங்கினோம். ஆகவே இது புதிதாகக் கற்கவேண்டிய வித்தையன்று. நமது கையிலிருக்கும் வித்தையை மற்றொரு நோய்க்கும் நீட்டுவதே. அதற்கு வேண்டிய ஆளும் பணமும் தருக என்று கேட்பது குடிமக்களின் உரிமை. அதிகாரிகளின் அருளுக்குக் காத்திருக்க வேண்டியதன்று.

உத்தியோகத்தர் வரும்வரை அயலாராகிய நாம் செய்யக்கூடியவையும் உண்டு. ஒருவரைப் பைத்தியம் என்னும் சொல்லால் அழையாதிருத்தல் முதற் பணி. அச்சொல்லே பல குடும்பங்களைக் கதவடைக்கச் செய்கிறது. சிகிச்சை நாளிலே துணைக்கு ஒருவர் செல்லுதல், பஸ் காசுக்கு முட்டுப்பட்டால் கைகொடுத்தல், குணமடைந்து வந்தவருக்குக் கடையிலோ தோட்டத்திலோ சிறு வேலை கொடுத்தல் ஆகியன மருந்துக்கு நிகரானவை. சுகமாகிவிட்டதென்று எண்ணி மருந்தைத் தாமாக நிறுத்துவோரிடம், வைத்தியரைக் கேட்டபின் நிறுத்தலாமே என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால் அதனை விளையாட்டென்று தள்ளாதீர்கள், தனியே விடாதீர்கள், அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார் என்று கேட்கும் தாய் நம்முடைய ஒழுங்கையிலும் இருக்கிறாள். அரசாங்கம் தர வேண்டியது வைத்தியரும் மருந்தும் வீடு தேடி வரும் உத்தியோகத்தரும். ஊரார் தர வேண்டியது, இரண்டு நாளாக அவனைக் காணவில்லையே என்று கவனிக்கும் ஒரு கண். இரண்டும் சேர்ந்தால்தான் அத்தாய்க்கு நாம் விடை கூறியவர்களாவோம்.